பாட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்

ஐயா, வணக்கம்.

நான் கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரப் பாட்டியின் பேரனுக்கு 11 வயது. போன வாரம் அவன் பள்ளி விழாவில், கிர்கிஸ் மக்களின் வீரகாப்பியமான மனாஸைப் பாடினான். வாத்தியம் எதுவும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளை வீசி வீசிப் பாடினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. பத்து நிமிடம் போனில் எடுத்தேன். மறுநாள் தேர்வு இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

இணையத்தில் தேடினால், சயக்பாய் கரலாயெவ் என்ற மனாஸ் பாடகருக்கு 5 லட்சம் வரி மனப்பாடம் என்று போட்டிருக்கிறார்கள். மகாபாரதத்தைவிடப் பெரியதாமே? அவ்வளவையும் எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்? ஏதாவது உத்தி இருக்கிறதா? எனக்கு அனாடமியில் கை நரம்புகளின் பெயர்களே மனதில் நிற்கவில்லை, அதனால் கேட்கிறேன். பேரனுக்குக் கனவில் காப்பிய நாயகன் மனாஸே வந்தார் என்று பாட்டி சொல்கிறார். இதை நம்பலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

பெயர் வேண்டாம் என்கிறாய், சரி. என் மகளைவிடவும் சின்னவளாக இருப்பாய் போலிருக்கிறது, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் எழுந்து வந்தாயே, ஏன்? பதினொரு வயதுப் பையன் கண்ணெதிரே ஒரு படையையே ஓட்டிக்கொண்டு போகிறான். நீ போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறாய். தேர்வு எனக்கும் தெரியும். அந்த இரவு கூடுதலாக எத்தனை நரம்பைப் படித்துவிட்டாய்? அந்தப் பத்து நிமிடத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய்.

மகாபாரதத்தைவிடப் பெரியதா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. காப்பியத்தைத் தராசில் வைப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அந்த 5 லட்சத்தைச் சும்மா விடவும் மனமில்லை. உன் பர்ஸில் 500 சோம் நோட்டு இருந்தால் எடுத்துப் பார். அதில் இருக்கும் முகம் சயக்பாய் கரலாயெவுடையது. 1894இல் பிறந்தவர், 1971இல் இறந்தார். அவர் சொல்ல எழுதிய மனாஸ், அவன் மகன் செமெதெய், பேரன் செய்தெக் என மூன்று தலைமுறைக் கதையும் சேர்ந்து 5 லட்சம் வரிக்கு மேல். அவருக்கு முந்தையவர் சகிம்பாய் ஒரோஸ்பாகோவ். அவரிடமிருந்து எழுதியது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வரி. எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவின் ஷின்ஜியாங்கில் 2014 வரை வாழ்ந்த ஜுசுப் மாமாய் எட்டுத் தலைமுறைக் கதையைப் பாடினார், 2 லட்சத்து 30 ஆயிரம் வரிக்கு மேல். இதில் எது சரியான மனாஸ் என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதே. பதில் வராது.

மனப்பாடம் என்ற சொல்லைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும். மனப்பாடம் என்றால் எங்கேயோ ஒரு மூலம் இருக்கிறது, அதைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. உனக்கு உடனே பாடப்புத்தகம் நினைவுக்கு வந்தது. உன் தப்பு இல்லை, நம் எல்லோரையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

ரஷ்ய அரசின் பணியில் இருந்த ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ராத்லோவ், 1862இலும் 1869இலும் கிர்கிஸ் மக்களிடையே போய் இந்தப் பாட்டுகளை எழுதினார். 1885இல் அச்சிட்டபோது முன்னுரையில் தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பாடகனிடம் முழுப் பாட்டாக எதுவும் இல்லை. கைவசம் துண்டுகள் இருக்கின்றன. வீரன் பிறப்பது, ஆயுதத்தைப் புகழ்வது, குதிரையை வர்ணிப்பது, மணப்பெண்ணின் அழகு, விருந்துக்கு அழைப்பது, பொழுது விடிவது, ஒப்பாரி. அன்றைக்கு எதை எதோடு கோப்பது, எதை நீட்டுவது, எதை விடுவது என்பதைப் பாடும்போதுதான் முடிவு செய்கிறான். வரிக்கு ஏழெட்டு அசை. எங்கள் தமிழாசிரியர் அடிமோனை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவாரே, அதுபோல அடுத்தடுத்த வரிகள் ஒரே ஒலியில் எழும்பும். அந்த ஒலியே அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்து வரும். உன் பதிவில் அர்த்தம் புரியாவிட்டாலும் இது காதில் விழும், கேட்டுப் பார்.

அந்த முன்னுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கூட்டத்தில் பணக்காரர்கள் இருந்தால் அவர்கள் குலப்பெருமை பாட்டுக்குள் வந்துவிடும். ஏழைகள் மட்டும் இருந்தால் பணக்காரர்களின் திமிரைப் பற்றி நாலு வரி குத்தலாக வந்து விழும். ராத்லோவே எதிரில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பாடகன் மனாஸை வெள்ளை ஜாரின் நண்பனாக்கிவிட்டான்! ரஷ்யச் சக்கரவர்த்தியைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதிகாரி மனம் குளிரட்டும் என்று பாடியிருக்கிறான். இதை யாராவது மனப்பாடம் என்று சொல்வார்களா?

இந்த முன்னுரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரளமாகப் பாடுகிற அதே பாடகனிடம், ‘எழுதிக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்’ என்றால் அவன் தடுமாறுகிறான். இழை அறுந்துபோகிறது. முன்பின் முரணாகச் சொல்கிறான். இடையில் சந்தேகம் கேட்டால் இன்னும் குழம்புகிறான். ராத்லோவ் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் முழுக்கப் பாடவிட்டுக் கதைப்போக்கை மட்டும் குறித்துக்கொள்வார். அப்புறம் எழுதும்போது, விட்டுப்போனதை நினைவூட்டுவார்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த செய்தி மட்டும் இல்லை. எழுத்துக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தேன். நீதிபதியின் மேடைக்குக் கீழே என் மேசை. சாட்சி சொல்வார், நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். ஒரு வரப்புத் தகராறு. வாதி தரப்பு இரண்டாம் சாட்சியாக ஒரு வயதான அம்மா கூண்டில் ஏறினார். “அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. சாணி கரைச்சு வாசத் தெளிச்சிட்டு நிமிர்றேன்…” என்று ஆரம்பித்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, நிறுத்தி நிறுத்திச் சொல்லு” என்றார் நீதிபதி. அந்த அம்மா நிறுத்தினார். நான் அடித்து முடித்ததும் மறுபடி, “அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க” என்றார். நடுவிலிருந்து தொடர அவரால் முடியவே இல்லை. நாலு தடவை வெள்ளிக்கிழமை வந்தது. கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. கடைசியில் என் தாளில் இருந்தது இதுதான்: ‘தாவா சொத்தின் வடபுற வரப்பு எனக்குத் தெரியும். அதைப் பிரதிவாதி வெட்டினார். படித்துக் காட்டக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டேன்.’

மதியம் டீ குடிக்கப் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் அதே அம்மா, கூட வந்த பெண்களுக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஈர மண்ணில் இறங்கும் சத்தத்தை வாயாலேயே போட்டார். பிரதிவாதியின் கரகரத்த குரலில் பேசினார். வெட்டிய மண்ணை எந்தப் பக்கம் தள்ளினான், யார் யார் ஓடி வந்தார்கள், எல்லாம் இருந்தது. என் தாளில் இல்லாத இரண்டு விவரம் அந்த வழக்கையே புரட்டிப் போட்டிருக்கும். டீ ஆறிப்போனது.

அதனால்தான் மனாஸைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாடகரையே புகழ்ந்துகொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து எழுதியவரை யாருக்குத் தெரியும்? 1922 முதல் 1926 வரை சகிம்பாய்க்கு எதிரே உட்கார்ந்து பெரும்பகுதியை எழுதியவர் இப்ராயிம் அப்திரஹ்மானோவ். நாலு வருடம்! டேப் ரெக்கார்டர் கிடையாது. பேனாவின் வேகத்துக்குப் பாட்டு நடக்க வேண்டும், பாட்டின் வேகத்துக்குப் பேனா ஓட வேண்டும். இடையில் வரும் உரைநடை மாதிரியான பகுதிகளை கிர்கிஸ் மொழியில் ‘ஜோர்கோ சோஸ்’ என்பார்கள். ஜோர்கோ என்றால் மேலே இருப்பவனைக் குலுக்காமல் போகும் குதிரை. அந்த நடை கெடாமல் எழுதி வாங்குவது லேசான காரியம் இல்லை. கேட்பவர் சலித்துக்கொண்டால் பாட்டு குறுகிவிடும். எழுதுகிறவர் பொறுமையாக இருந்தால் நீளும். இணையத்தில் நீ பார்த்த 5 லட்சத்தில் எழுத உட்கார்ந்தவர்களின் பொறுமையும் சேர்த்தி. சகிம்பாயிடம் மனாஸ் பாகம் மட்டும்தான் எழுத முடிந்தது. செமெதெய், செய்தெக் பாகங்களை எழுதாமலே 1930இல் அவர் போய்விட்டார். அவருடைய செமெதெய் எத்தனை லட்சம்? அதற்கு நோட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

எழுத்துக்கு வந்த பிறகு மனாஸுக்கு வேறு தொல்லை. 1952இல் இதே உன் பிஷ்கெக்கில், அப்போது ஃப்ரூன்ஸே என்று பெயர், மாநாடு கூட்டி மனாஸ் மக்கள் இலக்கியமா, பிற்போக்கா என்று விசாரித்தார்கள். காப்பியத்தையே கூண்டில் ஏற்றியாயிற்று. கஜக் எழுத்தாளர் முக்தார் அவுயெசோவ் வந்து வாதாடினார், பிழைத்தது. அப்புறம் பல பாடகர்களின் பாடங்களை வெட்டி ஒட்டி ஒரே மனாஸாக்கி 1958 முதல் 1960 வரை நாலு தொகுதி போட்டார்கள். வாக்குமூலங்களைச் சேர்த்துத் தைத்த மாதிரி. இதைப் பேச ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

கனவை நம்பலாமா என்று கேட்டாய். உன்னை நம்பச் சொல்லி யார் கேட்டார்கள்? அந்த வீட்டில் சோறு தின்கிறாய், பாட்டி சொன்னால் தலையாட்டு. சயக்பாயும் தனக்குக் காட்சி கிடைத்தது என்றுதான் சொன்னார். அவர் பாட்டி தகிஷ் சின்ன வயதில் மனாஸ் கதை சொல்லி வளர்த்தார் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருந்தன. உனக்கு ஏன் இடைஞ்சல்?

உன் கடிதத்தில் நீ கவனிக்காமல் எழுதிய வரி ஒன்று இருக்கிறது. ‘ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.’ அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பையனை வீட்டிலேயே ஒருநாள் பாடச் சொல். போனை வேறு அறையில் வைத்துவிடு. எதிரே, அவன் பார்வை படுகிற இடத்தில் உட்கார். நல்ல இடம் வந்தால் பாட்டி ‘பரகெல்தே’ என்பார், நம் ‘பலே’ மாதிரி. நீயும் சொல். தப்பான இடத்தில் சொன்னாலும் பரவாயில்லை, பையன் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு வரி நீட்டுவான்.

கை நரம்புகளை மட்டும் மனப்பாடம்தான் செய்தாக வேண்டும். அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை, மகளே.

அன்புடன்