இடித்துவிட்டுப் போன கார்: கேமரா பதிவை ஆர்டிஐயில் வாங்க முடியுமா?

கேள்வி: நாங்கள் பள்ளத்தூர். பன்னிரண்டு நாளைக்கு முன் அப்பா காரைக்குடிச் சந்தையிலிருந்து டிவிஎஸ் எக்ஸெலில் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார் இடித்துவிட்டுத் திருமயம் பக்கம் போய்விட்டது. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிவு. எஃப்ஐஆரில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று இருக்கிறது. பக்கத்துச் சந்திப்பில் போலீஸ் கேமரா உண்டு. பதிவைக் கேட்டால் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேட்டால் தருவார்களா?

பதில்: கேட்கலாம். கேமரா பதிவும் அந்தச் சட்டப்படி 'ஆவணம்'தான். கணினியில் உருவாகும் எதுவும் அதில் அடங்கும். கிடைப்பதற்கு முன் அது அழிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. பதிவுப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். சில இடங்களில் 15 நாள், சில இடங்களில் 30 நாள் தாங்கும். மனுவுக்குப் பதில் தரச் சட்டம் கொடுக்கும் அவகாசமே 30 நாள். உங்களுக்கு ஏற்கெனவே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

'18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதே' என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு காவல் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் கேமராக்களைப் பற்றியது. தெருமுனைக் கேமராவுக்கு அது பொருந்தாது.

அதனால் இன்றைக்கே இரண்டு தாள் எழுதுங்கள். முதலாவது சாதாரணக் கடிதம், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. நகல் வழக்கை விசாரிக்கும் அதிகாரிக்கு. எஃப்ஐஆர் எண், தேதி, இடம், நேரம் போட்டு, 'இந்த நேரத்துப் பதிவை அழியாமல் தனியே எடுத்து வைக்கவும்' என்று ஒரே ஒரு கோரிக்கை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிலையத்தில் யார் எப்படிப் பேசினார்கள் என்ற வருத்தமெல்லாம் இதில் வேண்டாம்.

இரண்டாவது ஆர்டிஐ மனு. பதில் தாமதமாகத்தான் வரும் என்று தெரிந்தும் இன்றைக்கே போடச் சொல்வதற்குக் காரணம் 20-ஆம் பிரிவு. மனுவில் கேட்கப்பட்ட தகவலை அழித்தாலும் அந்தப் பிரிவில் அபராதம் உண்டு: நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து போகிற தொகை. மனு கையில் சேர்ந்த பிறகு 'தானாக அழிந்துவிட்டது' என்று சொல்ல எந்த அலுவலரும் கொஞ்சம் யோசிப்பார்.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'எங்களுக்கு நியாயம் வேண்டும்', 'ஏன் நடவடிக்கை இல்லை' என்பதெல்லாம் தகவல் ஆகாது. இப்படி எழுதுங்கள்: இன்ன சந்திப்பில் உள்ள கேமராவில், இன்ன தேதி மாலை 6.40 முதல் 7.10 வரையிலான பதிவின் நகல். அந்தக் கேமராவை யார் பராமரிக்கிறார்கள். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் உத்தரவின் நகல். பதிவு அழிந்திருந்தால் எந்தத் தேதியில், யார் உத்தரவில். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரத்தையும் முன்னே பின்னே ஒரு கால் மணி கூட்டியே கேளுங்கள். கேமராக் கடிகாரங்கள் பல இடங்களில் தப்பாகத்தான் ஓடுகின்றன. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிவுத் தபால் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் சேர்ந்துவிட்டதால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலேயே அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள்.

நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. செட்டிநாடு ஒன்றாக இருந்தாலும் மாவட்டம் இரண்டு. பள்ளத்தூர், கானாடுகாத்தான் சிவகங்கையில். திருமயம் புதுக்கோட்டையில். கார் போன வழியிலுள்ள கேமராக்களுக்குப் புதுக்கோட்டைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தனி மனு போடுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போனால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஐந்து நாள் உங்களிடம் இல்லை. கார் புதுக்கோட்டை வரை போயிருந்தால் லெம்பலக்குடி டோல்கேட்டைத் தாண்டியிருக்கும். அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வருவது. மத்திய அரசு அமைப்பு என்பதால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுங்கள், இல்லை மத்திய அரசின் ஆர்டிஐ தளத்தில் கட்டுங்கள்.

சரி, மறுத்தால்? 'விசாரணை நடக்கிறது' என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று சொல்ல வேண்டும் என்பது 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்தவர்களின் தனிப்பட்ட விவரம் என்பார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆர்டிஐ சட்டத் திருத்தம் அந்த மறுப்புக்கு வலுவைக் கூட்டிவிட்டது, உண்மைதான். ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. மற்றவர் முகங்களை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று 10-ஆம் பிரிவின்படியும் கேட்கலாம். மறுப்பு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

அப்புறம், தனியார் கேமராக்கள். கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஆர்டிஐ மனு போட முடியாது. ஆனால் நம்மூரில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நிற்கும் வீடுகளில் இரண்டு பக்கமும் கேமரா இருக்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுப் பயனில்லை, பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் உரிமையாளர் போனில் எடுத்துவிடுவார். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து அவரைப் பிடியுங்கள். அவர் தயங்கினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் நிலைய அதிகாரியே உத்தரவு கொடுத்துப் பதிவை வாங்கலாம். அதாவது, அதற்குக் கோர்ட் ஆர்டர் தேவையில்லை. எழுத்தில் கேளுங்கள்.

எந்த வழியில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்த துண்டை வைத்துக்கொண்டு திருப்திப்படாதீர்கள். கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண், அதில் இருக்கும். பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மற்றதிலும் கையெழுத்துப் போடுவார்கள்.

வண்டி எண் தெரியாமலே போனாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் இதுபோன்ற பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. எலும்பு முறிவு பலத்த காயத்தில் சேரும். விபத்து நடந்த இடம் காரைக்குடி வட்டத்தில் என்றால் விண்ணப்பம் போக வேண்டியது தேவகோட்டை வருவாய்க் கோட்ட அலுவலகத்துக்கு; எஃப்ஐஆர் நகலும் ஆஸ்பத்திரி காகிதங்களும் கையில் இருக்கட்டும்.