நாவலோடு காமிக்ஸும் மாங்காவும் படித்தால் அது வாசிப்பு ஆகாதா?

"இந்த மாதம் ஒரு நாவல் படித்தேன், மீதியெல்லாம் காமிக்ஸும் மாங்காவும்தான். வீட்டில் இதை வாசிப்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை.) நீங்கள் கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு 46 வயது. இதே பேச்சைப் போன ஆடி மாதம் நானும் கேட்டேன்.

வண்டியிலிருந்து விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு. ஒரு மாதம் காலை ஊன்றக்கூடாது என்றுவிட்டார்கள். முதல் பத்து நாளில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் மூன்றாவது முறையாக முடித்தேன். அப்புறம் அண்ணன் தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். முத்து, லயன், ராணி காமிக்ஸ் எல்லாம் இருந்தன. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்த இரும்புக்கை மாயாவியைச் சின்ன வயதில் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துத்தான் படித்திருக்கிறேன். இந்த முறைதான் புத்தகம் என் கையில் இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு, பத்தாவது படிக்கும் மகள் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கொடுத்தாள். மொத்தம் 27 பாகம். இறந்துபோன அம்மாவை உயிரோடு கொண்டுவரப் பார்த்து, அண்ணன் ஒரு காலையும் கையையும், தம்பி உடம்பையே இழக்கிற கதை. முதலில் ஒன்றும் புரியவில்லை, கேள்விக்கு முன்னால் பதில் வந்து நின்றது. "மேல வலது மூலையில ஆரம்பிக்கணும்மா" என்று மகள் கட்டம் கட்டமாக விரலை இழுத்துக் காட்டினாள். எட்டுப் பாகம் படித்துவிட்டேன்.

அடுத்தது 'பேர்ஃபுட் ஜென்'. வரைந்தவர் கெய்ஜி நகசவா. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு 6 வயது. பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் போய்விட்டார்கள். அதைத்தான் ஜென் என்கிற பையனின் கதையாக 1973 முதல் தொடராக வரைந்தார். இடிந்த வீட்டுக்கு அடியில் அந்த மூவரும் மாட்டிக்கொள்ள, தீ நெருங்கி வருகிற பக்கத்தில் நான் இருந்தேன். நிறைமாதமாக இருக்கும் அம்மா நகர மாட்டேன் என்கிறாள். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

சரியாக அப்போது என்னைப் பார்க்க வந்த சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ புஸ்தகம் படிக்கிறதா சொன்னாங்க, பொம்மை பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது தெரியுமா? 1950 முதல் கல்கியில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனை அப்பத்தா கத்தரித்து, கோந்து ஒட்டி, பைண்டு செய்து வைத்தது. அதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மணியம் படம் வரைந்திருப்பார். குந்தவையின் கொண்டையையும் நந்தினியின் கண்ணையும் சித்தப்பா அந்தப் படங்களில்தான் பார்த்தார், நானும் அப்படித்தான். அதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். வீட்டில் ஆண்கள் நாள் முழுக்க கிரிக்கெட் பார்த்தால் நேரம் வீணாகிறது என்று யாரும் சொல்வதில்லை. கால் உடைந்து கிடக்கிற பெண் கையில் புத்தகம் இருந்தால் மட்டும், வருகிறவர்களெல்லாம் "நல்லா ரெஸ்ட் போல" என்கிறார்கள். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது. அதற்கும் எலும்பு முறிய வேண்டியிருந்தது.

உடனே யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நாவலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லா மாங்காவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதும் தெரியும், வயது பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் படம் இருந்தால் கற்பனைக்கு வேலையில்லை என்கிறவர்கள் ஒரு பாகத்தையாவது முழுதாகப் படித்துவிட்டுப் பேசட்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடப்பதை யாரும் வரைந்து தருவதில்லை. அதை நாம்தான் நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜென்னின் அப்பா பிள்ளைகளிடம் கோதுமைப் பயிரைக் காட்டி, மிதிபட மிதிபட வேர் பிடிக்கும் என்று சொல்கிற இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. வீடு எரிகிற பக்கத்தில் அந்தக் கோதுமை எனக்குத் தானாக ஞாபகம் வந்தது.

உங்கள் கணக்கில் இந்த மாதம் படித்த எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் டைரியில் எழுதியிருக்கிறேன். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' ஒன்பதாவது பாகத்தை மகள் தன் தோழிக்கு இரவல் கொடுத்திருக்கிறாள், சனிக்கிழமை வந்துவிடும் என்றாள்.