பகடையும் நேர்முகத் தேர்வும்

கேள்வி: பகடையில் விழும் எண்ணே பரிசு, பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டி அந்த எண்ணைப் பெறலாம் என்றால், ஆட்டத்தின் மதிப்பு (சராசரியாகக் கிடைக்கும் பரிசு) என்ன? வர்த்தக நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படும் இத்தகைய புதிர்களை எப்படி அணுகுவது?

பதில்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் உருட்டலின் சராசரி 3.5 என்பதால், முதலில் 4, 5, 6 விழுந்தால் நிறுத்திக்கொள்வதும், குறைந்தால் மீண்டும் உருட்டுவதுமே சரி. பாதி வாய்ப்பில் சராசரியாக 5, மறுபாதியில் 3.5 கிடைப்பதால் மதிப்பு 4.25 ஆகிறது. தேர்வாளர் இதோடு விடுவது அரிது. இருமுறை மறுபடி உருட்டலாம் என்று மாற்றினால், முதலில் விழும் 4 கூட மீதமுள்ள ஆட்டத்தின் மதிப்பான 4.25-ஐ விடக் குறைவு என்பதால் அதையும் கைவிட வேண்டும். மதிப்பு ஏறத்தாழ 4.67. விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் (அப்படிப் பலர் உண்டு) இங்கேதான் திணறுகிறார்கள்.