மின் இணைப்பில்லாத புல்வெளியில் மூன்று இரவு: மோட்டார்ஹோமில் எதை ஏற்றுவது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். மொத்த அனுமதி எடை 3,500 கிலோ, ஐந்து பேருக்கு பெல்ட் போட்ட இருக்கை உண்டு. நாங்கள் சேர்ந்திருக்கும் கிளப் மே மாதக் கடைசியில் டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டில் வார இறுதிக் கூடல் நடத்துகிறது. வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை திரும்புகிறோம். மின் இணைப்பு கிடையாது, குடிநீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் மட்டும்தான் என்கிறார்கள். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். மின்சாரம் இல்லாமல் சமையலும் குளிரும் சமாளிக்க முடியுமா? எதையெல்லாம் எடுத்துப்போவது? புதியவர்கள் நடுவில் அப்பா அம்மா ஒட்டுவார்களா? மழை பெய்தால் வண்டி புல்லில் சிக்கிக்கொள்ளுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ‘எதை எடுத்துப்போவது’ என்பதற்கு முன்னால் ‘எவ்வளவு எடை ஏற்றலாம்’ என்று கேளுங்கள். மின்சாரம் இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்றதும் தண்ணீர், கேஸ், கூடுதல் பேட்டரி, அரிசி, பாத்திரம் என்று ஏற்றத் தோன்றும். அத்தனையும் எடை. அந்த எடைதான் சாலையில் சட்டச் சிக்கலாகும், ஈரப் புல்லில் சக்கரத்தைப் புதைக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற வண்டிகள் பலவற்றில் ஆளும் பொருளும் ஏற்ற 400 முதல் 450 கிலோதான் மிஞ்சும். ஓட்டுநரின் எடையாக 75 கிலோவைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே சேர்த்துவிடுவார். மற்ற நால்வருக்கு ஏறக்குறைய 230 கிலோ போய்விடும். மீதி 200 கிலோவுக்குள் துணிமணி, உணவு, நாற்காலி, மேசை, வெளிக்கூடாரம் எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 100 லிட்டருக்கு 100 கிலோ. அதை மட்டும் செய்யாதீர்கள். வழியில் கை கழுவ, டீ போடப் பத்து லிட்டர் போதும், மீதியைக் களத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், எல்லோரும் ஏறி உட்கார்ந்து, பொருளெல்லாம் ஏற்றிய நிலையில் ஒரு பொது எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு எடைகளையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பின்புறம் நீண்டிருக்கும் வண்டியில் சைக்கிள்களை மாட்டினால், மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பை மீறிவிடும். அதிக எடைக்கு 100 முதல் 300 பவுண்ட் வரை உடனடி அபராதம் உண்டு, பொருளை இறக்காமல் மேலே போகவும் விடமாட்டார்கள். உங்கள் உரிமம் 1997 ஜனவரி 1க்குப் பிறகு தேர்ச்சி பெற்று வாங்கியதென்றால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட அதில் அனுமதி இருக்காது. அதற்கு சி1 வகை வேண்டும்.

இனி மின்சாரம். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சாதாரண ஈய-அமில பேட்டரி என்றால் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். எல்இடி விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. கேஸ் ஹீட்டரின் காற்றாடி ஓர் இரவுக்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு. மூன்று இரவுக்கு அறுபதைத் தாண்டும். கூரையில் 100 வாட் சோலார் பலகை இருந்தால், மே மாத வெயிலில் நாளைக்கு இருபது முப்பது திரும்ப வரும், மேகமூட்டத்தில் அதில் பாதிகூட வராது. ஆக, கையைக் கடிக்காமல் சமாளிக்கலாம். இதில் ரைஸ் குக்கரைச் சேர்த்தால் கணக்கு உடைந்துவிடும். 700 வாட் குக்கர் அரைமணி நேரம் ஓடினால் முப்பது ஆம்பியர்-மணிக்கு மேல் தின்னும், ஒரு நாள் செலவைவிட அதிகம். மின்கெட்டில், ஹேர் டிரையர் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சமையலைக் கேஸுக்கு மாற்றுங்கள். ஒரு சின்ன பிரஷர் குக்கரும் விசில் கெட்டிலும் இருந்தால் எந்தக் குறையும் தெரியாது. சட்னியை வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். இட்லி மாவு மே மாதக் குளிரில் வண்டிக்குள் பொங்காது, புளித்த மாவாகவே எடுத்துப்போங்கள். புளிக்காய்ச்சல், எலுமிச்சை சாதம், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி எல்லாம் இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே அமைந்தவை. உங்கள் குளிர்பெட்டி கேஸிலும் ஓடும் வகை என்றால் வண்டியை மட்டமாக நிறுத்துவது முக்கியம், சாய்ந்திருந்தால் அது சரியாகக் குளிராது. அதற்குத்தான் சக்கரத்தடியில் வைக்கும் சரிவுப் பலகைகள்.

கேஸ் சிலிண்டரில் சிவப்பு நிற புரொபேனே வாங்குங்கள். நீல நிற பியூட்டேன் உறைநிலையை நெருங்கினாலே ஆவியாகாது, டெர்பிஷயர் மலைப்பகுதியில் மே மாத இரவும் சில்லென்றுதான் இருக்கும். ஹீட்டர் இரவெல்லாம் மெதுவாக ஓடினால் ஒன்றரை கிலோ கேஸ் செலவாகும். 6 கிலோ சிலிண்டர் ஒன்று மூன்று இரவுக்கு எட்டலாம், எட்டாமலும் போகலாம். வயதானவர்கள் இருப்பதால் இரண்டாவதும் வேண்டும். எடையைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் இந்த ஓர் இடத்தில் மட்டும் கூடுதலாக ஏற்றச் சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிராபத்து.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி பதினெட்டு லிட்டர் அளவில்தான் கொள்ளும். நம் வீட்டில் தண்ணீர் விட்டே கழுவுவோம் என்பதால் ஐந்து பேருக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும். ஓர் ஆளுக்கு அரை லிட்டர் பிடிக்கும் சின்ன மக் வைத்துவிடுங்கள், தினமும் காலையில் நீங்களே போய்க் கொட்டிவிட்டு வாருங்கள். ‘எல்சன் பாயிண்ட்’ என்று பலகை இருக்கும் இடத்தில் மட்டும் கொட்ட வேண்டும். கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறதென்றால், பெட்டிக்குள் ஊற்றும் நீலத் திரவத்துக்குப் பதில் ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சைத் திரவம் கேட்பார்கள். பாத்திரம் கழுவிய நீரையும் புல்லில் விடக்கூடாது, அதற்கென்ற வாளியிலோ சக்கரம் வைத்த தொட்டியிலோ பிடித்து எடுத்துப்போக வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். 1960ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம், விலக்குச் சான்றிதழ் பெற்ற அமைப்புகள் ஐந்து நாள் வரை இத்தகைய கூடல்களைத் தள உரிமம் இல்லாமலே நடத்த இடம் தருகிறது. வெறும் வயலை நான்கு நாள் முகாமாக்கிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் கலைய முடிவது அதனால்தான். நடத்துகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள், மார்ஷல் என்பார்கள். அவர் காட்டும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே 6 மீட்டர் விடச் சொல்வது தீ பரவாமலிருக்க. ஜெனரேட்டர் பல கிளப்களில் கூடாது, சிலவற்றில் நேரக் கட்டுப்பாடு உண்டு. எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

அந்தப் புல்லுக்கு அடியிலும் வரலாறு இருக்கிறது. 2018 கோடையின் வறட்சியில், சாட்ஸ்வொர்த் மாளிகையின் தெற்குப் புல்வெளி காய்ந்தபோது, 1699இல் அமைத்துப் பின்னர் மூடப்பட்ட பூந்தோட்டத்தின் பாத்தி வடிவம் அப்படியே தரையில் தெரிந்தது. கூடார ஆணியை எங்கே வேண்டுமானாலும் அடிக்க விடாததற்குக் காரணம் இதுதான். முதிய ஓக் மரத்தடியில் நிறுத்தவிடாததற்குக் காரணம் வேறு. வண்டி எடையில் மண் இறுகினால் வேர் மூச்சுமுட்டும், பழைய கிளை முறிந்து விழுந்தால் நமக்கும் ஆபத்து.

மாளிகையை அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கூடல் கட்டணத்தில் மாளிகை நுழைவு அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது தனி அறக்கட்டளை நடத்தும் இடம், நேஷனல் டிரஸ்ட் அட்டை செல்லாது. உள்ளே படிகளும் நடையும் அதிகம், எனவே காலையிலேயே போய்விடுவது நல்லது. 1844இல் ரஷ்யச் சக்கரவர்த்தி வருவார் என்று தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த எம்பரர் நீரூற்று, பம்பே இல்லாமல் மேட்டு ஏரியின் நீரழுத்தத்தில் மட்டும் எழும்புகிறது. சக்கரவர்த்தி வரவேயில்லை. உங்கள் அப்பாவுக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். 1830களில் இதே பாக்ஸ்டன் இங்கிருந்த கண்ணாடி வீட்டில் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் காய்க்க வைத்தார். எஸ்டேட்டின் அன்றைய உரிமையாளரான ஆறாம் டெவன்ஷயர் பிரபுவின் குடும்பப் பெயர்தான் கேவண்டிஷ். தேனிப் பக்கம் தோப்பு தோப்பாக நிற்கும் ஜி-9 வாழை அந்தக் கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தது. தன் ஊர்ச் சந்தையில் தார் தாராகப் பார்த்த பழத்தின் பெயர் இந்த வீட்டிலிருந்து போனது என்றால், மாளிகையின் தங்க முலாம் பூசிய ஜன்னல்களைவிட அது அவர் மனதில் நிற்கும்.

ஒட்டுவார்களா என்று கேட்டீர்கள். ஒட்டுவார்கள், நீங்கள் வண்டிக்குள்ளேயே இருந்துவிடாமல் இருந்தால். நாற்காலியைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்காருங்கள், போகிற வருகிறவர்கள் நின்று பேசுவார்கள். பொதுக் கூடாரத்தில் காபி, விருந்து என்றால் சொந்த நாற்காலி, கோப்பை, தட்டு, கரண்டி கொண்டுபோவது வழக்கம். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்தானால் அம்மாவின் கையால் மெதுவடையோ பருப்பு வடையோ போதும். காரத்தைக் குறைத்து, முந்திரி, பால் சேர்த்திருந்தால் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மற்றவர் வண்டிக்கும் கூடாரத்துக்கும் இடையே குறுக்கே நடக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள், அங்கே அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். அப்பா தினமும் காலையில் நடப்பவரென்றால் அவருக்குத்தான் முதலில் நண்பர்கள் கிடைப்பார்கள், நாயோடு நடப்பவர்கள் அத்தனை பேரும் அந்நேரம் வெளியே இருப்பார்கள்.

கடைசியாக மழை. இறுக்கமான, சற்றே மேடான இடத்தை மார்ஷலிடம் முன்பே கேளுங்கள். ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய வண்டிகள் பெரும்பாலும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஈரமான ஏற்றத்தில் முன்னோக்கி ஏறும்போது எடை பின்னால் போய், முன்சக்கரம் பிடியிழந்து சுழலும். ஆகவே வண்டியின் மூக்கு சரிவின் கீழ்ப்பக்கம், வெளியேறும் வழியைப் பார்த்து இருக்கட்டும். ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் பின்னோக்கி ஏறுங்கள். கிளம்பும் முன் கழிவுத் தொட்டியையும் தண்ணீரையும் காலி செய்து, அப்பா அம்மாவைக் கெட்டியான தரையில் இறக்கிவிட்டு, முன்சக்கரத்தின் கீழே பிடிப்பு விரிப்பைப் போட்டு, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள். சக்கரம் ஒருமுறை வெறுமனே சுழன்றாலே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு டிராக்டர் கேளுங்கள். தோண்டிக்கொண்ட பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பவரைத்தான் மார்ஷலும் எஸ்டேட்காரரும் விரும்புவார்கள்.