கச்சேரி மேடையில் கடைசி இரண்டு மூவிங் ஹெட் (தானாகத் திரும்பும் லைட்) மட்டும் சொல்லாமலே ஆடுவது ஏன்?

16 லைட்டை ஒரே டிஎம்எக்ஸ் லைனில் (லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் கேபிள் வரிசை) போட்டால் கடைசி இரண்டு மட்டும் துடிக்கிறது, தானாகத் திரும்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லைட்டைக் கழற்ற வேண்டாம், முதலில் கேபிளைப் பாருங்கள்.

லைன் முடியும் இடத்தில் சிக்னல் மோதித் திரும்பி வந்து டேட்டாவைக் கலைக்கிறது. கடைசி லைட்டின் அவுட்டில் டெர்மினேட்டர், அதாவது சிக்னலைத் திரும்ப விடாமல் தடுக்கும் பிளக், செருகுங்கள். கடையில் வாங்கத் தேவையில்லை: ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் வட்ட வடிவ) ஆண் பிளக்கில் 2, 3ஆம் பின்களுக்கு நடுவே 120 ஓம், கால் வாட் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். 1ஆம் பின்னைத் தொடவே கூடாது.

அதற்கும் அடங்கவில்லையா? நடுவில் எங்காவது மைக் கேபிள் புகுந்திருக்கும். பார்க்க ஒரே மாதிரிதான், சின்ன ஹாலில் வேலையும் செய்யும். லைன் நீளமானால் கோளாறைக் காட்டிவிடும். டிஎம்எக்ஸ் கேபிள் 110 முதல் 120 ஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்தடை) கொண்டது, மைக் கேபிளில் அது குறைவு.

ஒய் கேபிள் (ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வெறும் கேபிள்) போட்டு லைனைப் பிரிப்பது சுத்தத் தப்பு, அதற்கென்று உள்ள ஸ்பிளிட்டர் கருவி வேண்டும். ஒரு லைனுக்கு 32 லைட்தான் உச்சம்.

இரண்டு லைட் ஒன்றைப் போலவே ஒன்று ஆடினால் மட்டும் அட்ரஸை (லைட்டில் வைக்கும் தொடக்க சேனல் எண்) சரிபாருங்கள். ஒரு லைட் 16 சேனல் எடுக்கும் மோடில் முதல் லைட் 1 என்றால் அடுத்தது 17.