கடலோர வீட்டுச் சுவரில் மரப் பேனல்

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் சொந்த வீடு. ஹால் சுவரில் உப்பு பூத்து, பெயின்ட் பொருக்கு பொருக்காக உதிர்கிறது. மரப் பேனல் அடித்து மறைத்துவிடலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: மறைக்கலாம்மா, ஆனால் ஈரம் உள்ளே உட்கார்ந்து பலகையைத் தின்றுவிடும். முதலில் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவரிலேயே ஈரம். அதைச் சரிசெய்யாமல் ஆசாரியைக் கூப்பிடாதீர்கள்.

சுவர் காய்ந்த பிறகு, பலகையை நேராகச் சுவரில் ஒட்டாமல் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்து அதன்மேல் பொருத்துங்கள். மேலும் கீழும் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். மலிவு என்று எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்காதீர்கள், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) போதும். தேக்கு என்றால் அழகுதான், பட்ஜெட்தான் இடிக்கும்! வெட்டிய ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு) அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பலர் விட்டுவிடுவார்கள். ரீப்பருக்குக் கரையான் மருந்து அவசியம். உப்புக்காற்றில் சாதா இரும்பு ஆணி துருப்பிடித்துப் பலகையில் கறை இறக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடுங்கள்.

அப்புறம், நாலு சுவருக்கும் வேண்டாம், ஹால் இருட்டடித்துவிடும். டிவி வைக்கும் சுவர் ஒன்று போதும்.