'கூர்' என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள்? கத்தியின் கூர்மையும் நினைவுகூர்தலும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். கத்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நினைவுகூர்தல் எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. அதனால் கத்தியைக் கொஞ்சம் கடந்துபோக வேண்டும்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பொருள். ஊசி, முள், பென்சில் இவற்றில் குத்தும் இடமும் கூர். கத்தி, அரிவாள், உளி இவற்றில் வெட்டும் இடமும் கூர். முனை, நுனி, விளிம்பு என்பவை இடத்தை மட்டும் சொல்பவை. தெருமுனைக்கும் நுனிநாக்குக்கும் தட்டின் விளிம்புக்கும் கூர்மை வேண்டியதில்லை. 'கூர்' என்றால் தன்மையும் சேர்ந்து வருகிறது: எழுத எழுதப் பென்சிலில் முனை இருக்கும், கூர் போய்விடும். போனபின் மழுங்கியது, மொட்டை, மொக்கை என்போம். சலிப்பூட்டும் படத்தை 'மொக்கை' என்கிறோமே, கூர் போன பென்சிலுக்குச் சொல்லும் அதே சொல்தான் அது.

பேச்சில் இப்போது 'ஷார்ப்' வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன்: கையால் தொடக்கூடிய பொருளுக்குக் 'கூரான', கண், காது, அறிவு, பேச்சு எல்லாவற்றுக்கும் 'கூர்மையான'. 'கூரிய' கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ளது, அளவாக வந்தால் அழகு.

புலன்களுக்கும் அறிவுக்கும் இந்தச் சொல் போனது இயல்பான நகர்வு. கூர்ந்து கவனி, கூர்மதி, செவிகூர்ந்து கேள். தமிழ்நாட்டில் சிறார்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் 90 பாகைக்குக் குறைந்த கோணம் 'கூர்ங்கோணம்'. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது 'குறுங்கோணம்'.

சரி, நினைவு எப்படிக் கூரும்? இதற்குத் தொல்காப்பியமே பதில் வைத்திருக்கிறது. சொற்பொருளைச் சொல்லும் அதன் உரியியல் என்ற பகுதியில் 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று ஒரு நூற்பா. ஏற்கெனவே இருக்கும் ஒன்று மேலும் மிகுவதைக் கூர்ப்பு குறிக்கும் என்பது இதன் கருத்து. இந்தப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பாருங்கள், பல சொற்கள் தாமாகத் திறக்கும். களிகூர்தல் என்றால் மகிழ்ச்சி மிகுதல். அன்புகூர்தல் என்றால் அன்பு மிகுதல். தமிழ் விவிலியம் படிப்பவர்களுக்கு இவை இரண்டும் நன்றாகப் பழகியவை. தேவன் 'இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்' என்றுதான் அங்கே வரும். கடிதத்தில் 'அன்புகூர்ந்து அனுப்பி வைக்கவும்' என்று எழுதுவதும் இதே வழியில் வந்ததுதான். நினைவுகூர்தலும் அப்படி. உள்ளே ஏற்கெனவே இருக்கும் நினைவை மேலெழுப்பி மிகச் செய்வது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்நாட்டில் 'பரிணாமம்' என்று சொல்வதை இலங்கையில் 'கூர்ப்பு' என்று படிக்கிறார்கள். இருக்கும் உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வேறு வடிவம் பெறுவதைச் சொல்ல, அவ்வளவு பழைய சொல் ஒன்றை அறிவியல் வகுப்புக்குக் கொண்டுவந்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இதெல்லாம் தெரிந்தால் அன்றாடம் ஒரு பிழை குறையும். செய்திகளிலும் அஞ்சலிக் குறிப்புகளிலும் 'அவரது சேவையை நினைவு கூறினார்' என்று அடிக்கடி பார்க்கிறேன். கூறுதல் என்றால் சொல்லுதல். நினைவுகூர வாய் திறக்கவே வேண்டாம். ஒரு நிமிடம் மௌனமாக நின்றும் நினைவுகூரலாம். இறந்த காலத்தில் 'கூர்ந்தார்', 'கூறினார்' என்று வடிவம் வேறுபடுவதால் காது காட்டிக் கொடுத்துவிடும். சிக்கல் 'நினைவுகூர வேண்டும்', 'நினைவுகூரத்தக்க' போன்ற இடங்களில்தான். நம்மில் பலருக்கு ரகர றகர ஒலிப்பு ஒன்றாகிவிட்டதால் அங்கே காது உதவாது. சந்தேகம் வந்தால் அதே வாக்கியத்தை இறந்த காலத்துக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'நினைவுகூர்ந்தோம்' என்று வருகிறதா, அப்படியானால் இடையின ர தான்.

அப்புறம், 'உடற்கூராய்வு', 'உடற்கூறாய்வு' இரண்டையும் செய்தித்தாள்களில் பார்க்கலாம். கூர்ந்து ஆய்வது என்று முன்னதற்கும் பொருள் சொல்ல முடியும். ஆனாலும் உடலின் பகுதிகளுக்கு 'உடற்கூறு' என்ற பெயரும், அதைப் படிக்கும் துறைக்கு 'உடற்கூறியல்' என்ற பெயரும் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், நான் எழுதும்போது வல்லின றகரம் போட்டு 'உடற்கூறாய்வு' என்றே எழுதுவேன்.